லேப்ரடார் குட்டிக்கும் 8 வயது சிப்பிப்பாறைக்கும் ஒரே பாக்கெட் போடலாமா?

கேள்வி இதுதான்: வீட்டில் ஏற்கெனவே 8 வயதில் ஒரு பெண் சிப்பிப்பாறை நாய் இருக்கிறது, 18 கிலோ, கருத்தடை ஆனது. இப்போது 3 மாத ஆண் லேப்ரடார் குட்டி ஒன்று வந்திருக்கிறது, 10 கிலோ. கடையில் லேப்ரடாருக்கென்றே பெயர் போட்ட பாக்கெட் இருக்கிறது, விலை அதிகம். சிப்பிப்பாறை பெயரில் எதுவும் இல்லை. எதை வாங்குவது, இரண்டுக்கும் ஒரே உணவைப் போட்டுவிடலாமா?

பெரும்பாலும் ஒரே பாக்கெட் சரிவராது. ஆனால் குட்டிக்கு லேப்ரடார் படம் போட்ட பாக்கெட்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நான் உணவு தேர்ந்தெடுக்கும்போது முதலில் வயதைப் பார்ப்பேன். அடுத்து, அந்த நாய் முழுதாக வளர்ந்தபின் எத்தனை கிலோ இருக்கும் என்று பார்ப்பேன். மூன்றாவது, இன்றைக்கு அதன் உடம்பு எப்படி இருக்கிறது என்பது. இனத்தின் பெயர் இந்த மூன்றுக்கும் பிறகுதான் வரும். சில இனங்களுக்கு மட்டும் அது முன்னால் வந்துவிடும், அவற்றைக் கடைசியில் சொல்கிறேன்.

ராயல் கேனின் போன்ற நிறுவனங்கள் இனவாரியாக விற்கும் உணவு ஏமாற்று வேலை இல்லை. தட்டை மூஞ்சி பக் கவ்வி எடுக்க வசதியான வடிவம், அவசரமாக விழுங்கும் லேபை மெல்ல வைக்கும் வடிவம் என்று துண்டின் உருவத்திலேயே யோசித்திருக்கிறார்கள். லேபுக்கானதில் கலோரி, மூட்டுக்கான சேர்மானங்கள் ஆகியவற்றையும் கவனித்திருப்பார்கள். ஆனால் வளரும் எலும்புக்குத் தேவையான முக்கியமான விஷயம், அதாவது அளவான கால்சியம், அதே தரத்தில் வரும் 'லார்ஜ் ப்ரீட் பப்பி' அல்லது 'மேக்ஸி பப்பி' பாக்கெட்டிலும் இருக்கிறது. பணம் ஒரு பொருட்டில்லை என்றால் இனத்துக்கான பாக்கெட்டை வாங்குங்கள். இல்லையென்றால் பெரிய இனக் குட்டிக்கான பாக்கெட் போதும், குட்டிக்கு ஒரு குறையும் வராது.

அதில் 'பெரிய இனம்' என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். சாதாரண 'பப்பி' என்று மட்டும் போட்டிருப்பதை எடுக்க வேண்டாம். இதில் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் அதிகம் தவறு நடப்பது இங்கேதான்.

வளர்ந்த நாய் தனக்கு வேண்டிய கால்சியத்தைக் குடலில் எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். சின்னக் குட்டிக்கு, குறிப்பாக முதல் 6 மாதம் வரை, அந்தக் கட்டுப்பாடு சரியாக வராது. உணவில் எவ்வளவு கூடுதலாக இருக்கிறதோ அதில் கணிசமான பங்கு உடம்புக்குள் போய்விடும். சின்ன இனக் குட்டி இதை ஓரளவு தாங்கும். வேகமாக வளரும் பெரிய இனக் குட்டியின் எலும்பு தாங்காது. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980களில் கிரேட் டேன் குட்டிகளை வைத்துச் செய்த ஆய்வுகளில், அதிகக் கால்சியம் சாப்பிட்ட குட்டிகளுக்கு எலும்பு வளர்ச்சியே கோளாறானது. அதனால்தான் விலங்கு உணவுக்கு அளவுகோல் வகுக்கும் அமெரிக்காவின் ஆஃப்கோ (AAFCO) அமைப்பின் அட்டவணையில், நாய் உணவில் கால்சியம் அதிகபட்சம் 2.5 சதவீதம் இருக்கலாம் என்ற இடத்தில், பெரிய இனக் குட்டிக்கு மட்டும் 1.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். குறைந்தபட்சம் 1.2. இந்தச் சதவீதங்கள் எல்லாம் ஈரம் நீக்கிய கணக்கு. வளர்ந்தபின் சுமார் 32 கிலோவோ அதற்கு மேலோ போகும் நாயைத்தான் அவர்கள் பெரிய இனம் என்கிறார்கள். ஆண் லேப் அந்த எல்லைக்குச் சுலபமாக வந்துவிடும்.

சரி, அப்படிப் பார்த்துப் பார்த்துத் தயாரித்த உணவை வாங்கி வந்துவிட்டு, கூடவே கால்சியம் சிரப் ஒரு பாட்டில் வாங்கினால் என்ன ஆகும்? என் முதல் ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டிக்கு நான் அதைத்தான் செய்தேன். "காது நிக்கணும், கால் ஸ்ட்ராங் ஆகணும்" என்று கடையில் சொன்னார்கள். காலையும் மாலையும் சிரப், மேலே எலும்புப் பொடி, போதாததற்கு முட்டை ஓட்டைப் பொடித்துச் சோற்றில் கலந்தேன். ஐந்தாவது மாதம் முன்கால் நொண்டியது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் முதலில் கேட்ட கேள்வியே "கால்சியம் தர்றீங்களா?" என்பதுதான். உடனே நிறுத்தினோம், வலி போய்விட்டது. ஆனால் அந்தக் கால் கடைசிவரை லேசாக வளைந்துதான் இருந்தது. அதனால் கெஞ்சிக் கேட்கிறேன்: குட்டிக்கு முழுமையான பாக்கெட் உணவு போடுகிறீர்கள் என்றால், டாக்டர் பரிசோதித்து எழுதித் தராமல் கால்சியம் எதையும் சேர்க்காதீர்கள். வெறும் சோறும் கறியும் போட்டு வளர்க்கும் குட்டிக்குக் கால்சியம் பற்றாது, அது நிஜம். அந்த அறிவுரையை அப்படியே பாக்கெட் உணவு சாப்பிடும் குட்டிக்கும் சொல்லிவிடுகிறார்கள்.

கடையில் 'ஸ்டார்டர்' என்று ஒன்றையும் எடுத்து நீட்டுவார்கள். அது தாய்ப்பால் மறக்கும் குட்டிக்கும், பால் கொடுக்கும் தாய்க்கும் ஆனது. கலோரி அதிகம். 3 மாத லேபுக்கு அது வேண்டாம். பப்பி உணவை லேபுக்கு 12 மாதத்திலிருந்து 15 மாதம் வரை தொடரலாம். பொமரேனியன் போன்ற சின்ன நாய் 9, 10 மாதத்திலேயே வளர்ந்து முடித்துவிடும். கிரேட் டேன், செயின்ட் பெர்னார்ட் மாதிரியானவற்றுக்கு ஒன்றரை வருடத்துக்கு மேலும் ஆகும்.

இனி அளவு. எந்தப் பாக்கெட் என்பதை விட எவ்வளவு என்பதுதான் லேபின் ஆயுளைத் தீர்மானிக்கும் என்று நான் நம்புகிறேன், அதற்குக் காரணமும் இருக்கிறது. 2002ல் வெளியான ஒரு நெடுநாள் ஆய்வு: 48 லேப்ரடார்கள், ஒரே ஈற்றில் பிறந்தவற்றை இரண்டிரண்டாக ஜோடி சேர்த்தார்கள். ஜோடியில் ஒன்றுக்கு, மற்றது சாப்பிடுவதில் 25 சதவீதம் குறைத்துக் கொடுத்தார்கள். உணவு ஒன்றுதான், அளவு மட்டும் வேறு. குறைவாகச் சாப்பிட்டவற்றின் நடு ஆயுள், அதாவது அவற்றில் பாதி இறந்திருந்த வயது, 13 வருடம், மற்றவற்றுக்கு 11.2 வருடம். மூட்டு வலிக்கு மருந்து தேவைப்பட்டதும் ஒல்லியானவற்றுக்குத் தாமதமாகத்தான். கிட்டத்தட்ட 2 வருட வாழ்வு, எந்தச் செலவும் இல்லாமல்.

லேபுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 2016ல் கண்டுபிடித்தது: ஏறக்குறைய நாலில் ஒரு லேபுக்கு 'பாம்சி' என்ற மரபணுவில் ஒரு சிறு துண்டு இல்லை. வயிறு நிறைந்தது என்ற செய்தி அதன் மூளைக்குச் சரியாகப் போவதில்லை. அந்த நாய்கள் சும்மா இருக்கும்போது எரிக்கும் கலோரியும் சுமார் 25 சதவீதம் குறைவு என்று அதே குழுவினர் 2024ல் காட்டினார்கள். ஆக, தட்டைக் காலி செய்துவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் லேப், சாப்பாடு பற்றாமல்தான் பார்க்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மனது கேட்காது, எனக்கும் கேட்காது. ஆனாலும் அளந்துதான் போட வேண்டும்.

எப்படி அளப்பது? போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும். நாயின் எடையை அதே எடையால் இரண்டு முறை பெருக்குங்கள். வந்த எண்ணுக்கு வர்க்கமூலம், மறுபடி ஒரு வர்க்கமூலம், பிறகு 70 ஆல் பெருக்குங்கள். உங்கள் குட்டி 10 கிலோ: 1000, 31.6, 5.62, கடைசியில் 394. சும்மா படுத்திருக்க அதற்கு ஒரு நாளுக்கு வேண்டிய கலோரி இது. 4 மாதம் முடியாத குட்டிக்கு இதைப்போல 3 மடங்கு, ஏறக்குறைய 1180. பாக்கெட்டில் 100 கிராமுக்கு 380 கலோரி என்றிருந்தால் நாளுக்கு 310 கிராம், அதை மூன்று வேளையாகப் பிரித்துப் போடுங்கள். 4 மாதத்துக்குப் பிறகு அந்த 3 மடங்கைப் படிப்படியாக 2 மடங்குக்குக் கொண்டுவாருங்கள். சிப்பிப்பாறைக்கு அதே கணக்கில் 612 வரும். கருத்தடை ஆன, வயதேறும் நாய் என்பதால் 1.4 மடங்கில் தொடங்குங்கள், சுமார் 860 கலோரி. 100 கிராமுக்கு 350 கலோரி உள்ள உணவென்றால் 245 கிராம். கப்பில் அளந்தால் கைக்குக் கை மாறும், சமையலறைத் தராசில் நிறுத்துவிடுங்கள்.

இந்த எண் ஒரு தொடக்கம்தான். இரண்டு வாரம் கழித்து உடம்பைத் தொட்டுப் பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். உங்கள் கையை மேசைமேல் கவிழ்த்து வைத்து, புறங்கையை மற்றக் கையின் விரலால் தடவிப் பாருங்கள். விலா எலும்பு அப்படித் தட்டுப்பட்டால் சரியான உடம்பு. முஷ்டி மடக்கி முட்டிகளைத் தடவுவது போல இருந்தால் மெலிவு. உள்ளங்கைச் சதையை அழுத்தித் தேடுவது போல இருந்தால் கொழுப்பு ஏறிவிட்டது.

சிப்பிப்பாறை வைத்திருப்பவர்கள் இதில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓடி முயல் பிடிக்க உருவான உடம்பு அது. வயிறு ஒட்டி, கடைசி இரண்டு மூன்று விலா லேசாகத் தெரிவதுதான் அதன் இயல்பு, கன்னி என்ற நாட்டு இனத்துக்கும் அப்படித்தான். வீட்டுக்கு வருபவர்கள் "என்ன, நாய்க்குச் சோறே போடுறதில்லையா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காக நெய்யும் பாலும் ஊற்றிக் குண்டாக்கிய சிப்பிப்பாறைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். லேப் போலத் தெரிய ஆரம்பித்தால் அந்த நாய்க்கு மூட்டும் இதயமும் சுமை தாங்குகின்றன என்று அர்த்தம். தொடையிலும் முதுகிலும் தசை இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

8 வயது ஆகிவிட்டதே, 'சீனியர்' பாக்கெட்டுக்கு மாற வேண்டுமா? ஆஃப்கோ அட்டவணையில் இரண்டு வகைதான் உண்டு: வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஒன்று, வளர்ந்த நாய்க்கு ஒன்று. முதல் வகைக்குப் புரதம் குறைந்தபட்சம் 22.5 சதவீதம், இரண்டாவதற்கு 18. சீனியருக்கென்று தனி அளவுகோல் கிடையாது. அந்தச் சொல்லுக்குள் என்ன வைப்பது என்பது கம்பெனியின் முடிவு. ஒன்றில் புரதத்தைக் குறைத்திருப்பார்கள், இன்னொன்றில் கூட்டியிருப்பார்கள். வயதானால் புரதத்தைக் குறைக்க வேண்டும் என்பது பழைய நம்பிக்கை. சிறுநீரகம் நன்றாக இருக்கும் கிழட்டு நாய்க்கு, தசை கரையாமலிருக்க நல்ல புரதம் தேவை. சிறுநீரகம் பழுதாகியிருந்தால் கதை வேறு. அப்போது பாஸ்பரஸையும் குறைத்த மருத்துவ உணவு வேண்டும், அதை டாக்டர்தான் எழுத வேண்டும். எனவே முதலில் ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு சிறுநீர்ப் பரிசோதனை. இரண்டும் சரியாக இருந்து, உடம்பும் கட்டாக இருந்தால் இப்போது போடும் அடல்ட் உணவையே தொடருங்கள்.

ஒரே பாக்கெட் ஏன் சரிவராது என்பது இப்போது தெரிந்திருக்கும். அடல்ட் உணவை மட்டும் போட்டால் குட்டிக்குப் புரதமும் தாதுக்களும் பற்றாமல் போகலாம், அதன் கால்சியம் அளவும் குட்டியை நினைத்து வைத்ததாக இருக்காது. குட்டி உணவு பெரியவளுக்கு நஞ்சு ஒன்றும் இல்லை, ஆனால் கலோரி கூடி எடை ஏறும், வேண்டாத பாஸ்பரஸும் போகும். ஒரே பாக்கெட்தான் முடியும் என்ற நிலை இருந்தால் ஒரு வழி உண்டு. 'ஆல் லைஃப் ஸ்டேஜஸ்' என்று போட்டு, அதோடு பெரிய இன நாய்களின் வளர்ச்சிக்கும் ஏற்றது என்ற வரியும் சேர்ந்திருக்கும் உணவை வாங்கி, சிப்பிப்பாறைக்கு அளவைக் குறைத்துப் போடலாம். அந்தச் சொல் வளர்ச்சிக்கான அளவுகோலைத்தான் குறிக்கிறது, அதனால் குட்டிக்குக் குறை வராது.

பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கும்போது முதலில் தேட வேண்டியது 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்ற சொற்களும், எந்த வயதுக்கு என்ற வரியும். 'காம்ப்ளிமென்டரி' என்றிருந்தால் அது தொட்டுக்கொள்ளும் பண்டம், சாப்பாடு ஆகாது. ஆஃப்கோ பெயரைப் பார்த்ததும் அவர்கள் சோதித்து அனுமதித்த உணவு என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் அளவுகோலை மட்டுமே வகுக்கிறார்கள், எந்தப் பாக்கெட்டுக்கும் முத்திரை குத்துவதில்லை. 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்பதையே போடாத கம்பெனியை நான் ஒதுக்கிவிடுவேன். கால்சியம் அளவு போடவில்லையென்றால் அவர்களுக்கு மெயில் அனுப்பிக் கேட்பேன். பதில் சொல்கிறார்களா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

சேர்மானப் பட்டியலில் முதலில் சிக்கன் என்றிருந்தால் மகிழ்ந்துவிட வேண்டாம். சமைப்பதற்கு முந்தைய எடை வரிசை அது. பச்சைக் கோழிக்கறியில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர்தான். ட்ரை ஃபுட்டையும் கிரேவி பாக்கெட்டையும் ஒப்பிடுவதாக இருந்தால் ஈரத்தைக் கழித்துவிட்டுப் பாருங்கள். கிரேவியில் புரதம் 10 சதவீதம், ஈரம் 78 என்றால், மிச்சமுள்ள 22 பங்கில் 10 பங்கு புரதம், அதாவது 45 சதவீதம்.

'கிரெயின் ஃப்ரீ' என்ற சொல்லுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். தானியம் நாய்க்கு ஆகாது என்பதில் உண்மை இல்லை. மனிதனோடு வாழ வந்தபின் நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணுவின் பிரதிகள் ஓநாயைவிடப் பெருகிவிட்டன என்று 2013ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மாறாக, பட்டாணியும் பருப்பும் நிறையப் போட்ட தானியமில்லா உணவுகளுக்கும் ஒருவகை இதய வீக்க நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று அமெரிக்க அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018ல் எச்சரித்தது. காரணம் இதுதான் என்று இன்னும் உறுதிப்படவில்லை. ஆனால் தேவையே இல்லாத ஒன்றுக்காக அந்தச் சந்தேகத்தை ஏன் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும்?

இனத்தின் பெயர் முன்னால் வரும் இடங்கள் என்றேனே, அவை இவை. மற்ற நாய்களின் உடம்பில் வேறு பொருளாக மாறிவிடும் யூரிக் அமிலம், டால்மேஷனில் பெரும்பாலும் மாறாமலே சிறுநீரில் போகும், அதனால் கல் உண்டாகலாம். ஈரல் போன்ற உள்ளுறுப்புக் கறி வேண்டாம், நிறையத் தண்ணீர் வேண்டும். மினியேச்சர் ஷ்னாசருக்கு ரத்தத்தில் கொழுப்பு ஏறி, கணையம் வீங்கும் போக்கு உண்டு, கொழுப்பு குறைந்த உணவு நல்லது. ஜெர்மன் ஷெப்பர்ட் நிறையச் சாப்பிட்டும் மெலிந்து, வெளிறிய மலம் குவியலாகப் போனால் பாக்கெட்டை மாற்றி மாற்றிப் பார்க்காதீர்கள். கணைய நொதி சுரக்காத நோய் அந்த இனத்தில் அதிகம், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மிகச் சிறிய இனக் குட்டிகளுக்கு ஒரு வேளை தவறினாலே சர்க்கரை இறங்கிவிடும், நாளுக்கு நாலு வேளை போட வேண்டும்.

நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் ஒரு வார்த்தை. மூட்டையைப் பிரித்து லூஸில் விற்பதை வாங்காதீர்கள். காற்றுப் பட்டால் கொழுப்பு சிக்குவாடை அடிக்கும், ஈரம் பட்டால் பூஞ்சை வரும். சோளத்தில் வரும் பூஞ்சையின் அஃப்ளாடாக்சின் நஞ்சு ஈரலையே அழிக்கும். 2020 இறுதியில் அமெரிக்காவில் அப்படிக் கெட்ட உணவால் பல நாய்கள் இறந்தன. ஒரு மாதம், ஒன்றரை மாதத்துக்குள் தீரும் அளவு வாங்கி, அதன் சொந்தப் பையோடு டின்னுக்குள் வைத்து மூடுங்கள். தயாரித்த தேதியும் பேட்ச் எண்ணும் பையில்தான் இருக்கும்.

வீட்டுச் சாப்பாடு கொஞ்சம் சேர்க்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குள் வேகவைத்த முட்டை, எலும்பில்லாத கோழி, கேரட், பூசணி தரலாம். சாம்பார் சோறும் குழம்பில் ஊறிய மிச்சமும் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களை உடைக்கும். திராட்சையும், பாயசத்தில் போடும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதற்குக் காரணமாகச் சந்தேகிக்கப்படும் டார்டாரிக் அமிலம் புளியிலும் நிறைய இருக்கிறது, புளி தின்று சிறுநீரகம் பாதித்த நாய்கள் பற்றியும் மருத்துவப் பதிவுகள் வந்துவிட்டன.

புதிய உணவுக்கு ஒரேயடியாக மாறாதீர்கள், வயிற்றால் போகும். பழையதில் கால் பங்கு புதியது, பிறகு பாதி, பிறகு முக்கால் என்று 7 முதல் 10 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், இரண்டையும் வேறு வேறு அறையில் வைத்துச் சாப்பாடு போடுங்கள். சிப்பிப்பாறை நிதானமாகக் கொறிக்கும், உங்கள் குட்டி தன்னுடையதை ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டு அவள் தட்டுக்குப் போய்விடும். கால் மணி நேரத்தில் அவள் தட்டையும் எடுத்துவிடுங்கள். குட்டியை வாரம் ஒரு முறை தூக்கிக்கொண்டு தராசில் நின்று, உங்கள் எடையைக் கழித்து எழுதி வையுங்கள். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது அந்தக் குறிப்பையும், பாக்கெட்டின் பின்பக்கத்தைப் போனில் படமெடுத்தும் டாக்டரிடம் காட்டுங்கள். பெரியவளையும் கூடவே கூட்டிப் போனால் ரத்தப் பரிசோதனையையும் அன்றைக்கே முடித்துவிடலாம்.